முன் இருக்கையில் ஒரு பணக்காரி

ஜனவரி 9, வியாழன்

இன்றிலிருந்து வேறு வண்டி. பன்னிரண்டு வருடப் பழசு. இடது கதவில் ஒரு நசுங்கல். ஹாரன் அடித்தால் ஜலதோஷக்காரன் மூக்கைச் சிந்துவதுபோல் ஒரு சத்தம். பத்தொன்பது வருடம் முதலாளியின் வண்டிகளை வெள்ளைக் கையுறை போட்டு ஓட்டியவன் நான். கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதலாளியின் தங்கைக்கு ஓட்ட வேண்டும். வேலைக்காரர்கள் எல்லோரும் சின்னம்மா என்போம். வயது அறுபத்திரண்டு, கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. அப்பா விட்டுப்போன சொத்தில் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. அண்ணனிடம் பதினொரு வண்டி நிற்கிறது. தங்கையிடம் இது ஒன்றுதான். அவருடைய டிரைவருக்குக் கண் ஆபரேஷன், அதனால் முதலாளி என்னைக் கொடுத்து உதவியிருக்கிறார். வெளியில் பேச்சு அப்படி.

உள்ளே பேச்சு வேறு. நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டேய், அவ எங்க போறா, யாரைப் பார்க்கிறா, யாருக்கு என்ன கொடுக்கிறா, எல்லாத்தையும் பார்த்து வந்து சொல்லு. சொத்தை எவனோ உருவிக்கிட்டிருக்கான். ஒழுங்கா சொன்னேன்னா நீ குடியிருக்கிற ரெண்டு ரூமையும் உன் பேருக்கே எழுதிடறேன்.”

பங்களாவுக்குப் பின்னால், தோட்டக்கருவிகள் வைக்கும் கொட்டகையை ஒட்டி இருக்கும் இரண்டு அறைகள். என் மகள் வளர்ந்து, கல்யாணமாகிப் போனது அங்கேதான். எழுதித் தருகிறாராம்! மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “வேவு பார்க்கவா அனுப்பறாரு?” என்றாள். வேவு என்று ஏன் சொல்ல வேண்டும்? பார்த்ததைச் சொல்வது வேவா?

ஜனவரி 10

சின்னம்மா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். என் பக்கத்தில்! பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தக் கதவை நானே மூடினேன்.

எதற்காக இருக்கும்? பெட்ரோல் முள்ளைக் கண்காணிக்கவா? அந்த முள்ளைத்தான் இரண்டு தடவை பார்த்தார்.

ஜனவரி 14

என்னை “நீங்க” என்கிறார். “அடுத்த திருப்பத்துல வலது பக்கம் போறீங்களா?” என்கிறார். பத்தொன்பது வருடம் “டேய்” கேட்ட காதுக்கு இது கூசுகிறது. மரியாதை காட்டுகிறவர்கள் ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் காட்டுவார்கள். என்னிடமிருந்து இவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும்?

உடுப்பும் அப்படித்தான். வந்த நாளிலிருந்து நான்கே புடவைகள், மாற்றி மாற்றி. கையில் கடிகாரம்கூட இல்லை. நேரம் தெரிய வேண்டுமானால் என் கையை எட்டிப் பார்க்கிறார்.

பணம் இருப்பவர்கள் பணம் இருப்பவர்கள் மாதிரி இருந்துவிட்டால் எனக்கு நிம்மதி. முதலாளியைப் பார்த்தால் என்ன தெரிகிறதோ அதுதான் அவர். இவரைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத இடத்தில்தான் ஏதாவது இருக்கும்.

ஜனவரி 17

சாப்பாட்டு டப்பா இரண்டு கொண்டு வந்தார். ஒன்று எனக்கு. இரண்டிலும் ஒரே சாப்பாடு. அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் நான் திறந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இதை எழுதும்போது கை பரபரக்கிறது. விஷயம் கிடைத்துவிட்டது.

காலை எட்டு மணிக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இலவச ஆஸ்பத்திரி! அண்ணனுக்குத் தும்மல் வந்தால் டாக்டர் வீட்டுக்கே வருவார். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, நடந்து போனார். நானும் வண்டியை நிழலில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். எக்ஸ்ரே பிரிவு. ஜன்னலில் டோக்கன் வாங்கினார். பெஞ்சில் இடமில்லை. நின்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்பது மணி. பத்து மணி. பதினொன்று. அவ்வப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் சின்ன நோட்டில் ஏதோ குறிப்பதுமாக இருந்தார். கடைசியில் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போகவில்லை. திரும்பி வெளியே நடந்தார்!

நான் ஓடிப்போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். மூச்சு வாங்கியது. “என்ன டிரைவர், இங்க ரொம்ப வெயிலா?” என்று கேட்டார்.

யாரையோ அங்கே சந்திக்க இருந்து, அந்த ஆள் வரவில்லையோ?

ஜனவரி 22

அவர் மாடிக்குப் போன நேரம் பார்த்து வண்டி டிராயரைத் திறந்தேன். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டோக்கன். எல்லாம் அந்த ஆஸ்பத்திரி டோக்கன். வேறு வேறு தேதி, வேறு வேறு பிரிவு. எலும்பு, கண், பிரசவம். பிரசவமா! அறுபத்திரண்டு வயதில்!

எடுத்த மாதிரியே வைத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

முதலாளி வீட்டில் விருந்து. வண்டிகளை நிறுத்த ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆசையோடு கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

இதல்லவா வாழ்க்கை! நீச்சல் குளத்தின் மேல் கண்ணாடித் தரை போட்டு, அதன்மேல் மேஜைகள். அடியில் தண்ணீர் முழுக்க வெள்ளைப் பூ. பூவெல்லாம் விமானத்தில் வந்தது. வாடாமலிருக்க ஆறு பேர் குளத்தில் இறங்கி ஐஸ் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். விருந்து எதற்கென்றால், நாய்க்கு ஐந்து வயது முடிந்ததற்கு. நாய்க்குத் தனி அறை, இரண்டு ஏ.சி. தனி வண்டியும் உண்டு. முடி வெட்ட அதை அழைத்துப் போனதே நான்தான். பின் இருக்கையில் எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்து வந்தது! முன்னால் ஏறி உட்காரும் புத்தியெல்லாம் அதற்கு இல்லை.

சின்னம்மா வரவில்லை. சொந்த அண்ணன் வீட்டு விருந்து. பொறாமையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே எக்ஸ்ரே பிரிவு. டோக்கன் எண் 49. ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை. எண்ணைக் கூப்பிட்டதும் போன தடவை மாதிரியே வெளியே வந்துவிட்டார்.

வண்டியில் ஏறியதும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல், “மூணு மணி இருபது நிமிஷம். நடுவுல மிஷின் ரெண்டு தடவை நின்னுபோச்சு” என்றார். பிறகு என்னிடம், “ஏ.சி. வேண்டாம், ஜன்னலை இறக்குங்க” என்றார். கஞ்சம்.

இது புத்தி சரியாக இருக்கிறவர் செய்கிற காரியமா? நோய் இல்லாமல் ஆஸ்பத்திரியில் நிற்பது, முறை வந்ததும் ஓடுவது. எனக்கென்னவோ மூளையில்தான் ஏதோ கோளாறு என்று படுகிறது.

பிப்ரவரி 6

முதலாளியிடம் சொன்னேன். டோக்கன் கட்டையும் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். இரண்டாவது தடவை முழுக்கச் சொல்லச் சொன்னார். அப்போது பெருமையில் வாய்விட்டுவிட்டேன்: “எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேங்க. நீங்க புதுவருஷத்துக்குக் கொடுத்த தோல் அட்டை டைரிலதான்.”

“அப்படியா? எழுது, எழுது” என்றார். முதுகில் தட்டினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 12

எவனோ உருவுகிறான் என்றாரே, அந்த எவனோ யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு கிழவர். கண்ணாடி தடிமனாக, சோடாபாட்டில் அடிமாதிரி இருக்கிறது. கக்கத்தில் ஒரு ஃபைல். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் சின்னம்மாவைச் சந்தித்தார். இரண்டு பேரும் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அது என்ன வரைபடம்? வீட்டு மனையா? ஏமாற்றுகிறவன் முகம் எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும். இந்த ஆள் முகம் அவ்வளவு சாது.

பிப்ரவரி 18

மனைவிக்குத் தோள்பட்டை வலி கொஞ்ச நாளாகவே இருக்கிறது. இன்று எக்ஸ்ரே படம் எடுக்கப் போனாள். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான், நமக்கு வேறு எங்கே கதி? காலை ஏழு மணிக்குப் போனவள் மதியம் இரண்டரைக்கு வந்தாள். வந்ததும் என்மேல் எரிந்து விழுந்தாள். மிஷின் நின்றுவிட்டதாம், நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 19

சும்மா பேச்சுவாக்கில் சின்னம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். உடனே கேள்வி மேல் கேள்வி. “எத்தனை பேருக்கு அப்புறம் நின்னுச்சு? உட்கார இடம் கிடைச்சுதா? தோள் வலியோட டோக்கன் ஜன்னல்ல கை எட்டிச்சா?” நோட்டை வேறு எடுத்துக் குறித்துக்கொண்டார். என் மனைவியின் தோள் இவருக்கு எதற்கு? ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. போலீஸ்காரர் விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

பிப்ரவரி 27

வீட்டை விற்றுவிட்டார்! அப்பா கட்டிய பதினான்கு அறை வீடு. இன்றைக்கு ஒரு சாதாரணத் தெருவில், தையல் கடைக்கு மேலே, இரண்டு அறைகளுக்குக் குடிபோய்விட்டார். சாமான் ஏற்றியது ஒரே ஒரு சின்ன வண்டி. அதிலும் பாதி புத்தகம்.

கண்ணாடிக்காரர் வந்து கூடமாட உதவி செய்தார். உதவியாம்! உருவியதெல்லாம் போதாதென்று கடைசிக் கட்டிலையும் பார்த்துவிட்டுப் போக வந்திருப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாவமாக இருந்தது. வயதான மனுஷி. மாடிப்படி பதினெட்டு. எண்ணிக்கொண்டே ஏறினார்.

மார்ச் 5

முதலாளியின் வக்கீல் டைரியை ஒரு வாரத்துக்குக் கேட்கிறார். “அவ பாதுகாப்புக்குத்தான்டா, எவன்கிட்டயும் ஏமாந்துடக் கூடாதில்ல?” என்று முதலாளி போனில் சொன்னார். மனைவி தடுத்தாள். “கெட்டவங்கன்னு கண்ணால பார்த்தா சொல்லுங்க. புரியாததையெல்லாம் எழுதிட்டு அதைக் கொண்டுபோய்க் கொடுக்காதீங்க” என்றாள். அந்தக் கிழவரிடமிருந்து சின்னம்மாவைக் காப்பாற்ற இதுதானே வழி? கொடுக்கத்தான் போகிறேன். ரூம் விஷயத்தையும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்த வேண்டும்.

மார்ச் 13

டைரி திரும்பி வந்துவிட்டது. நகல் எடுத்துக்கொண்டார்களாம். கோர்ட்டில் கேட்கும்போது அசலை நான் கொண்டுவர வேண்டுமாம்.

கோர்ட்டா?

வக்கீல் என் காதருகே குனிந்து சொன்னார்: “முதல் பக்கத்துல ரூமு, கீமுன்னு என்னென்னமோ எழுதியிருக்கே. ஜனவரி இருபத்தஞ்சும் வேண்டாம். அதெல்லாம் கிழிஞ்சு கிடந்தா உனக்கு நல்லது. நீயே பார்த்துக்கோ.”

மார்ச் 20, வியாழன்

அன்றைக்குத் திருப்பி அனுப்பியதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த மனைவி, இன்றுதான் மறுபடி படம் எடுக்கப் போனாள். பத்தரைக்கே வீட்டில் இருந்தாள்! எட்டே முக்காலுக்குத்தான் கிளம்பினாள்.

“எடுக்காமலேயே வந்துட்டியா? பொய் சொல்லாதே.”

கவரைத் தூக்கி மடியில் போட்டாள். உள்ளே படம். அவள் தோள்தான், அவள் பெயர்தான்.

ஒரே மாதத்தில் ராப்பகலாக வேலை பார்த்துப் பக்கத்து அறையை இடித்துப் பெரிதாக்கி, புதிதாக இரண்டு மிஷின் போட்டிருக்கிறார்களாம். வரிசையில் நிற்க வேண்டாமாம், நாற்காலி இருக்கிறதாம். டோக்கன் ஜன்னலை ஒரு அடி இறக்கி வைத்திருக்கிறார்களாம். யார் கொடுத்தது என்று எங்கேயும் பலகை இல்லையாம். புது ஆட்களுக்கு மிஷின் பழக்கிக் கொடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தாராம். அங்கேயே முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ரிடையர் ஆனவராம்.

“பார்க்க எப்படி இருந்தார்?”

“தடி கண்ணாடி. பாவம், ரொம்ப சாது” என்றாள்.

ஜன்னலை ஒரு அடி இறக்கியிருக்கிறார்கள். தோள் வலியோடு கை எட்டிச்சா என்று கேட்டாரே—

மார்ச் 24

வக்கீல் ஒரு தாளைக் கொடுத்து நன்றாகப் படித்துக்கொள்ளச் சொன்னார். டைப் அடித்த பதினோரு வரிகள். எல்லாம் நான் எழுதினவை. “மூளையில்தான் ஏதோ கோளாறு என்று படுகிறது.” என் கையெழுத்தில் இருந்தபோது அது ஒரு புலம்பலாக இருந்தது. அச்சில் பார்த்தால் பெரிய டாக்டர் சொன்னமாதிரி இருக்கிறது.

மனு என்னவென்றால், சின்னம்மாவுக்குத் தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் மனநிலை இல்லை, ஆகவே எல்லாப் பொறுப்பையும் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். இனி ஒரு நாற்காலி வாங்குவதற்கும் அண்ணனிடம் கேட்க வேண்டும். சாட்சி நான். நான் மட்டும்தான்.

எவனோ உருவுகிறான், எவனோ உருவுகிறான் என்று இரண்டு மாதமாகத் தேடினேனே. அடப்பாவி, உருவ வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதே நான்தானே!

மார்ச் 25

கிழித்துவிடலாமா? முதல் பக்கத்தைக் கிழித்தால் ரூம் எனக்கு. மொத்தத்தையும் கிழித்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் நகல் அவர்களிடம் இருக்கிறதே.

மார்ச் 27

இன்று தாங்க முடியவில்லை. சிக்னலில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். “சின்னம்மா, நான் உங்களை வேவு பார்க்க வந்தவன்.”

“தெரியும்” என்றார். “எங்க அண்ணன் சும்மா ஒரு டிரைவரைக் கொடுப்பானா? சின்ன வயசுல என் பென்சிலைக்கூட எண்ணி வெச்சிருந்தவன்.”

“தெரிஞ்சுமா வெச்சுக்கிட்டீங்க?”

“வண்டி நல்லா ஓட்டறீங்க. மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?”

“அந்த வரிசை... ஏன் நிக்கறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கேட்கவே இல்லையே, டிரைவர். தூணுக்குப் பின்னாடி நின்னீங்க. நீங்களா வந்து கேட்பீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார். கணவருக்கு உடம்பு முடியாமல் போனபோது மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வாரிக் கொடுத்தாராம். ஒரு இடத்தில் அந்தப் பணத்தில் வாசலில் பளிங்கு நீரூற்று கட்டிப் பெயர் போட்டார்களாம். “அதுலேர்ந்து எங்கயும் நின்னு பார்க்காம ஒரு பைசா கொடுக்கிறதில்ல. எங்க கால் வலிக்குதோ அங்க கொடுப்பேன். அவ்வளவுதான்.”

“டைரியைக் கிழிச்சிடட்டுமா?”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். “அது உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா அதையும் எழுதிடுவீங்க” என்றார்.

எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 7

நாளை கோர்ட். மனைவியிடம் கேட்டேன், வீடு போனாலும் பரவாயில்லையா என்று. தோளைத் தடவிக்கொண்டே, “எனக்குப் பரவாயில்ல. உங்களுக்கு?” என்றாள்.

தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

டைரியைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது மளிகைக் கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு. மை பின்பக்கம் ஊறுகிறது.

நேற்று நடந்தது. முதலாளியின் வக்கீல் பதினோரு வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். “இது உங்க எழுத்துதானே?” “ஆமாங்க.” “பார்த்ததைத்தான் எழுதினீங்க?” “ஆமாங்க.” அவ்வளவுதான், உட்காரப் போனார். முதலாளி கடிகாரத்தைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது இறங்கிப் போனால் இரண்டு அறை என்னுடையது. சின்னம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா” என்றேன் நீதிபதியிடம். குரல் எனக்கே கேட்கவில்லை. “ஐயா, அது பாதிதாங்க. முதல் பக்கத்துலேர்ந்து படிக்கணும்.”

வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். “சாட்சியைக் கொண்டுவந்தது நீங்கதானே?” என்றார் நீதிபதி. என்னையே வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். கையுறையிலிருந்து ஆரம்பித்தேன். ‘உன் பேருக்கே எழுதிடறேன்’ வந்தபோது முதலாளி தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் மறுபடி வாசிக்கத் தைரியம் வராது என்று தெரியும். மடமடவென்று வாசித்துக்கொண்டே போனேன். கஞ்சம் என்று எழுதியது, பிரசவ டோக்கன், எல்லாவற்றையும். சின்னம்மா முன்னால் அதை வாசித்ததுதான் கஷ்டம்.

ஜனவரி இருபத்தைந்து வந்தது. ‘இதல்லவா வாழ்க்கை’ என்று வாசித்தேன். கண்ணாடித் தரை, விமானத்தில் வந்த பூ, ஐஸ் கொட்டிய ஆறு பேர். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் பெருமையாக எழுதிய பக்கம் அது. என் வாயால் சத்தமாகக் கேட்கும்போதுதான் தெரிகிறது, அதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை.

“நாய்க்கு எத்தனை ஏ.சி.ன்னு சொன்னீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“ரெண்டுங்க.”

“ஏன் ரெண்டு?”

“ஒண்ணு ரிப்பேரானா நாய்க்கு வேர்க்கும்னுங்க.”

கோர்ட் முழுக்கச் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த டைரில புத்தி சரியில்லாதவங்க யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார். முதலாளி முகம் சிவந்து தரையைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் உப்பைத் தின்றவன் நான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்காகவும் வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் நீதிபதி கேட்டார்: “மூளைக் கோளாறுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்: “என் மனைவி அன்னைக்குப் பத்தரைக்கே வீட்டுக்கு வந்துட்டாங்கய்யா.”

ஏப்ரல் 10

ஒரு வாரத்தில் காலி செய்யும்படி மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மனைவி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 15

சின்னம்மாவின் பழைய டிரைவரால் இனி ஓட்ட முடியாதாம், அதனால் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சின்னம்மா எங்களோடு வீடு பார்க்க வந்தார். மூன்று வீட்டுப் படி ஏறி இறங்கினார். குழாயைத் திறந்து பார்த்தார். ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளேயே நின்றார், புழுங்குகிறதா என்று பார்க்கவாம். வீட்டுக்காரர் என்னிடம் இரகசியமாக, “அந்தம்மாவுக்கு ஏதாவது...?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றேன்.

எங்கே ஒரு வீட்டையே வாங்கித் தந்துவிடுவாரோ என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது. தரவில்லை. நானும் கேட்கவில்லை. வாடகை வீடுதான், மூன்றாவதாகப் பார்த்தது. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது.

ஏப்ரல் 29

மனு தள்ளுபடி.

மே 6

“ஹாரன் மூக்கைச் சிந்தற மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, மாத்திடலாமா?” என்று கேட்டார். கோர்ட்டில் வாசித்த எதையும் பற்றி இதுவரை அவர் பேசியதில்லை. வேண்டாம் என்றேன். கஞ்சம் என்று எழுதியதையும் கேட்பாரோ என்று வீடு வரும்வரை பயந்துகொண்டே ஓட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் சின்னம்மா இறங்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு இது ஒத்துழைக்கல. கண் பிரிவு. நீங்க நிக்கறீங்களா?” என்று நோட்டை நீட்டினார்.

டோக்கன் எண் 73. ஃபேன் மூன்று, ஓடுவது ஒன்று. தண்ணீர்க் குழாய் காய்ந்து கிடக்கிறது. கண்ணில் மருந்து விட்டவர்கள் சுவரைத் தடவித் தடவிக் கழிப்பறைக்குப் போகிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. இதைத்தான் அந்த மனுஷி அறுபத்திரண்டு வயதில் செய்துகொண்டிருந்தார்.

எழுபத்துமூன்று என்று கூப்பிட்டார்கள். இரண்டு மணி ஐம்பது நிமிஷம். எழுதிக்கொண்டு வெளியே நடந்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஆள், “சார், உங்க நம்பர்தான்!” என்று கத்தினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க போங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஜனவரியில் எக்ஸ்ரே பிரிவுத் தூணுக்குப் பின்னால் நின்றவனுடைய பார்வை. அவரும் யாரிடமாவது போய்ச் சொல்வாராக இருக்கும். நின்று விளக்கிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் கேட்கவில்லையே.

வண்டிக்கு வந்து, டிராயரைத் திறந்து, டோக்கனைக் கட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டைப் போட்டேன்.